ஓர்க்கிட் செடிக்குப் பசளை: எப்போது, எவ்வளவு, எத்தனை தடவை?



ஜேர்மனியில் எம்மவர் வீடுகளுக்குச் சென்றால் வரவேற்பறை யன்னலோரத்தில் ஓர் ஓர்க்கிட் செடியைப் பெரும்பாலும் காணலாம். பிறந்தநாளுக்கு வந்ததாக இருக்கும், வேலைத்தலத்தில் கொடுத்ததாக இருக்கும், அல்லது அங்காடியில் மலிவு விலைக்குக் கண்டு வாங்கியதாக இருக்கும். இரண்டு மூன்று மாதங்கள் அது வாடாமல் பூத்து நிற்கும். பூ உதிர்ந்த பின்னர்தான் கேள்விகள் தொடங்குகின்றன. "இதற்கு என்ன போடுவது? எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுவது? போட்டும் ஏன் பூக்கவில்லை?" சங்கக் கூட்டங்களில் இக்கேள்விகளைப் பலர் கேட்டதனாலேயே இப்பாடத்தை எழுத முன்வந்தேன்.

வாங்கிய நாளிலிருந்து ஒரு துளி பசளையும் காணாத செடி மெல்ல மெல்ல இளைத்துப் போகும். அதனைப் பின்னரும் தேற்றியெடுக்கலாம். அன்பு மிகுதியால் அளவு தெரியாமல் பசளை ஊற்றப்பட்ட செடியோ சில கிழமைகளிலேயே வேர் கருகிவிடும். அதனைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே இப்பாடத்தில் "எவ்வளவு கொடுக்கலாம்" என்பதுடன் "எப்போது கொடுக்கக் கூடாது" என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

1. முதலில் செடியை அறிவோம்

கடைகளில் நாம் வாங்கும் ஓர்க்கிட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பலனொப்சிஸ் எனும் இனத்தைச் சேர்ந்தவை. தென்கிழக்கு ஆசியாவின் ஈரக் காடுகளே இதன் பிரதான தாயகம். இந்தோனேசியாவின் தேசிய மலர்களுள் ஒன்று பலனொப்சிஸ் அமாபிலிஸ் ஆகும். எமது இலங்கைக்கும் சொந்த ஓர்க்கிட்டுகள் உண்டு. வைகாசி மாதத்தையொட்டிப் பூப்பதனால் வெசாக் மலர் என்று பெயர் பெற்ற டென்ட்ரோபியம் மக்கார்த்தியே இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் மாளிகையைப் பாடசாலைச் சுற்றுலாவிற் சென்று பார்த்தவர்கள் எம்மில் பலர் இருப்பர்.

இவற்றுட் பல மண்ணில் வளர்வதில்லை. மரத்தின் கிளைகளிலும் பட்டைகளிலும் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. இவை ஒட்டுண்ணிகள் அல்ல, மேலொட்டிகள். அதாவது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. நிற்பதற்கு இடம் மட்டுமே கேட்கின்றன. உணவுக்கான உப்புக்கள் எங்கிருந்து வருகின்றன? மழைநீர் இலைகளையும் கிளைகளையும் கழுவிக்கொண்டு இறங்கும்போது தூசி, பறவை எச்சம், உக்கிய இலை ஆகியவற்றிலிருந்து மிகச் சிறிதளவு உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. அதுவே இச்செடியின் உணவு. அளவிற் சிறிது, ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் கிடைப்பது.

இதற்கேற்ப வேரும் அமைந்துள்ளது. ஓர்க்கிட் வேரைச் சுற்றி வெள்ளை நிறத்தில் கடற்பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. இதனை வெலமன் என்பர். உலர்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும் நனைந்தவுடன் பச்சையாகவும் தெரிவது இதனாலேயே. தன்மேல் முதலில் விழும் நீரை இவ்வுறை விரைவாக உறிஞ்சி, அதிலுள்ள உப்புக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் ஊற்றும் நீர் மிகச் செறிவாக இருந்தால் அந்தச் செறிவு முழுவதும் வேரின் மேலேயே தங்கிவிடும் என்பதை இங்கே மனதிற் குறித்துக்கொள்ளுங்கள்.

2. டார்ம்ஸ்டாட் தந்த பாடம்

பசளையைப் பற்றிப் பேசும்போது நாம் வாழும் இந்நகரத்தை மறக்க முடியாது. பசளை விஞ்ஞானத்தை உலகெங்கும் பரப்பிய யுஸ்டுஸ் லீபிக் 1803 ஆம் ஆண்டு இதே டார்ம்ஸ்டாட்டிற் பிறந்தவர். தந்தையார் மருந்துச் சரக்கும் சாயப் பொருள்களும் விற்ற வணிகர். லீபிக் சிறுவனாயிருந்தபோது, 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானை மறைத்ததால் 1816 ஆம் ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே இல்லாது போய், பயிர் அழிந்து பஞ்சம் வந்தது. லீபிக் 1824 இல் கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். இன்று அப்பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தாவரங்கள் மண்ணிலிருந்து எடுப்பது கனிம உப்புக்களையே என்பதை விளக்கும் அவரது நூல் 1840 இல் வெளிவந்தது.

அவரது பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. அது குறைந்தபட்ச விதி எனப்படும். கார்ல் ஸ்பிறெங்கல் எனும் அறிஞர் இதே கருத்தை லீபிக்குக்கு முன்னரே, 1828 அளவில் வெளியிட்டிருந்தார். ஒரு பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது மிகுதியாகக் கிடைக்கும் பொருள் அல்ல. எல்லாவற்றிலும் குறைவாகக் கிடைக்கும் பொருளே என்பதுதான் அவ்விதி. பலகைகள் வெவ்வேறு உயரத்தில் உள்ள பீப்பாய் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மிகக் கட்டையான பலகையின் உயரத்துக்கு மேல் அது நிற்காது.

இதனை எமது யன்னலோரச் செடிக்குப் பொருத்திப் பார்ப்போம். மார்கழி மாதத்தில் டார்ம்ஸ்டாட் வீடொன்றில் கட்டையான பலகை எது? வெளிச்சம். வெளிச்சம் குறைந்த வேளையிற் பசளையைக் கூட்டினால் செடி வளராது. எடுக்கப்படாத உப்பு சாடியிலேயே சேர்ந்து கிடக்கும்.

லீபிக்கின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் எமக்கு உதவும். 1840களில் அவர் இங்கிலாந்தில் ஒரு செயற்கைப் பசளையை விற்பனைக்கு விட உதவினார். மழையிற் கரைந்து ஓடிவிடக் கூடாது என்று எண்ணி அதனை எளிதிற் கரையாதபடி செய்தனர். பயிர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. மண்ணுக்கே உப்புக்களைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. தோட்டத்து மண் ஒரு வங்கி போன்றது. இன்று போட்டதை வைத்திருந்து நாளை கொடுக்கும். ஓர்க்கிட் சாடியில் இருப்பதோ மண் அல்ல, பைன் மரப்பட்டைத் துண்டுகள். பசளைக் கரைசலின் பெரும்பகுதி அடியால் ஓடிவிடுகிறது. ஆகவே ஒரேயடியாக நிறையக் கொடுத்துச் சேமித்து வைக்க வழியில்லை. சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுப்பதே இதற்குப் பொருத்தமான முறை.

3. வெளிச்சமே வரவு

யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே. டார்ம்ஸ்டாட்டில் ஆனி மாதப் பகல் 16 மணித்தியாலத்துக்கும் அதிகம். மார்கழிப் பகல் ஏறத்தாழ 8 மணித்தியாலம். அந்த 8 மணித்தியாலமும் பெரும்பாலும் மேகமூட்டமே. ஊரிலே "மாதம் இரண்டு தடவை" என்று ஆண்டு முழுவதும் ஒரே கணக்கை வைத்திருக்கலாம். இங்கே அக்கணக்குச் சரிவராது.

பசளையை உணவு என்று சொல்வது வழக்கமாயினும் உண்மையில் அது உணவன்று. செடி தனது உணவை ஒளித்தொகுப்பு மூலம் வெளிச்சத்திலிருந்து தானே சமைக்கிறது. பசளை அச்சமையலுக்கு வேண்டிய உப்பும் சரக்கும் போன்றது. கணக்கர் மொழியிற் சொன்னால் வெளிச்சம் வரவு, வளர்ச்சி செலவு. வரவு குறைந்த மாதத்தில் செலவைக் கூட்ட முடியாது.

4. எப்போது, எத்தனை தடவை?

மத்திய வெப்பமாக்கல் உள்ள சாதாரண வீட்டில், கிழக்கு அல்லது மேற்கு யன்னலில் இருக்கும் பலனொப்சிஸ் செடிக்குப் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

பங்குனி முதல் புரட்டாதி வரை (மார்ச் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் முடிவு வரை): இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. அல்லது அதனிலும் பாதிச் செறிவில் கிழமைக்கு ஒரு தடவை. இரண்டாவது முறையே காட்டு மழைக்கு நெருங்கியது.

ஐப்பசி, கார்த்திகை (ஒக்டோபர், நவம்பர்): மாதம் ஒரு தடவை, குறைந்த செறிவில்.

மார்கழி, தை (டிசம்பர், ஜனவரி): புதிய இலையோ வேர் நுனியோ பூந்தண்டோ வளர்ந்துகொண்டிருந்தால் மாதம் ஒரு தடவை, குறைந்த செறிவில். எதுவும் வளரவில்லையாயின் ஒன்றும் வேண்டாம்.

மாசி (பெப்ரவரி): பகல் நீளத் தொடங்கும். வேரின் நுனி பச்சையாகவோ செந்நிறமாகவோ பளபளப்பதைக் கண்டவுடன் மெதுவாக ஆரம்பிக்கலாம்.

நாட்காட்டியை விட நம்பத்தக்க சாட்சி அந்த வேர் நுனியே. பளபளக்கும் நுனி உள்ள வேர் வேலை செய்கிறது. நுனி முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தால் அது ஓய்வெடுக்கிறது.

பூத்திருக்கும் காலத்தில் நிறுத்த வேண்டுமா என்று பலர் கேட்பர். பலனொப்சிஸ் பூத்திருக்கும்போது குறைந்த செறிவிற் கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் புதிதாக வாங்கிய செடிக்கு முதல் நான்கு முதல் ஆறு கிழமைகள் ஒன்றுமே தேவையில்லை. வளர்ப்பு நிலையங்களில் அதற்குத் தண்ணீரோடு தொடர்ந்து பசளை கொடுத்தே அனுப்புகிறார்கள். இலைகளில் போதிய இருப்பு உண்டு.

ஏனைய வகைகளை வைத்திருப்போர் கவனத்துக்கு:

டென்ட்ரோபியம் நோபிலே (தடித்த தண்டு முழுவதும் பூக்கும் வகை): புரட்டாதியோடு பசளையை முற்றாக நிறுத்த வேண்டும். பிந்திக் கொடுக்கும் நைதரசன், பூ வரவேண்டிய கணுக்களிற் குட்டிச் செடிகளை முளைக்கச் செய்துவிடும்.

வண்டா (கூடையில் அல்லது கண்ணாடிச் சாடியில் வெறும் வேரோடு தொங்குவது): பிடித்து வைக்கப் பட்டைத்துண்டு கூட இல்லாததால் வளரும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை, மெல்லிய செறிவில். 1981 இல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தெரிவான வண்டா மிஸ் யோக்கிம் இக்குடும்பத்தின் வழிவந்ததே.

பபியோபெடிலம் (செருப்பு வடிவப் பூ): உப்பைத் தாங்காதது. மேற்சொன்ன அளவிற் பாதி போதும்.

சிம்பிடியம் (புல்போன்ற நீண்ட இலை, கோடையில் பல்கணியில் வைக்கத்தக்கது): ஓர்க்கிட்டுகளுள் பெரும் பசிக்காரர். கோடையிற் கிழமைக்கு ஒரு தடவை முழு அளவையும் ஏற்கும்.

5. "பசளை போட்டும் பூக்கவில்லையே?"

இக்கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடுவது நல்லது. பலனொப்சிஸைப் பூக்கத் தூண்டுவது பசளை அன்று, குளிர்ச்சியே. 28 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் அது பூந்தண்டு விடத் தயங்கும். சில கிழமைகள் தொடர்ந்து 25 பாகைக்குக் கீழே, இரவில் 17, 18 பாகையளவில் இருந்தால் தண்டு புறப்படும். ஆகவே புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வெப்பமாக்கி இல்லாத அறையின் வெளிச்சமான யன்னலில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். காற்றுக் கடுங்குளிராய் நேரே படாமற் பார்த்துக்கொண்டாற் போதும். "பூக்க வைக்கும் பசளை" என்று பொசுபரசு கூடிய போத்தல்களுக்கு அதிக காசு கொடுக்க வேண்டியதில்லை.

6. எவ்வளவு? ஒரு சிறு கணக்கு

பசளைப் போத்தலில் மூன்று எண்கள் கூட்டற் குறியோடு எழுதப்பட்டிருக்கும். முதலாவது நைதரசன், இரண்டாவது பொசுபேற்று, மூன்றாவது பொற்றாசியம் ஒட்சைட்டு. மூன்றும் நூற்றுவீதங்கள். எமது கணக்குக்கு முதலாவது எண் போதும்.

நாம் நோக்கவேண்டிய இலக்கு இது: இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொடுப்பவர்களுக்கு ஒரு லீற்றர் நீரில் 100 மில்லிகிராம் நைதரசன். கிழமைதோறும் கொடுப்பவர்களுக்கு 50 மில்லிகிராம். மாரிகாலத்திலும் 50 மில்லிகிராமே.

திரவப் பசளை: போத்தலில் முதல் எண் 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலீற்றர் ஏறத்தாழ ஒரு கிராம். அதில் 4 சதவீதம், அதாவது 40 மில்லிகிராம் நைதரசன். 100 மில்லிகிராம் வேண்டுமாயின் 100 ஐ 40 ஆற் பிரிக்க 2.5 மில்லிலீற்றர். 50 மில்லிகிராமுக்கு 1.25 மில்லிலீற்றர். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிறிய சிரிஞ்சைச் சில சதங்களுக்கு வாங்கலாம். போத்தல் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதே பல செடிகளின் மரணத்துக்குக் காரணம்.

தூட் பசளை: 20+20+20 என்று இருந்தால் ஒரு கிராமில் 200 மில்லிகிராம் நைதரசன். ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் போதும். அரைக் கிராமைக் குசினித் தராசு சரியாகக் காட்டாது. ஆகவே 10 கிராமை நிறுத்து ஒரு லீற்றர் நீரிற் கரைத்துத் தாய்க்கரைசல் ஒன்று செய்துகொள்ளுங்கள். அதில் 50 மில்லிலீற்றரை எடுத்து, நீர் சேர்த்து ஒரு லீற்றராக்கினால் 100 மில்லிகிராம் கணக்குச் சரி. 25 மில்லிலீற்றர் எடுத்தால் 50 மில்லிகிராம். தாய்க்கரைசலைப் பானப் போத்தலில் ஒருபோதும் வைக்காதீர்கள். பெயரும் திகதியும் எழுதி, சிறுவர் கைக்கெட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஒரு செடிக்கு ஒரு தடவைக்கு 200 மில்லிலீற்றர் கரைசல், ஆண்டுக்கு 20 தடவை என்று கொள்வோம். ஒரு தடவைக்கு 20 மில்லிகிராம் நைதரசன், ஆண்டுக்கு 400 மில்லிகிராம். 4 சதவீதப் பசளையில் இது வெறும் 10 மில்லிலீற்றர். 250 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று 25 செடிகளுக்கு ஒரு வருடம் போதும். ஒரேயொரு செடி வைத்திருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு போத்தல் முடிக்கிறார் என்றால் அந்தச் செடியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

7. தண்ணீரையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்

டார்ம்ஸ்டாட்டின் குழாய்நீர் ரைன் சமவெளியின் ரீட் பகுதி நிலத்தடியிலிருந்து வருவது. தேநீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதைக் காண்கிறோமல்லவா? அது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த சுண்ணப் படிவு. அதாவது பசளை சேர்க்குமுன்னரே நீரில் உப்பு உண்டு. ஜேர்மனியில் நீரின் கடினத்தன்மையை மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிப்பர்; 14 ஜேர்மன் பாகைக்கு மேற்பட்டது கடினம். உங்கள் பகுதிக்குரிய அளவை நீர் வழங்கும் நிறுவனத்திடம் கேட்டறியலாம்.

கடின நீராயின் மழைநீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது சிறந்தது. செம்பு அல்லது துத்தநாகக் கூரையிலிருந்து வடியும் நீரைத் தவிர்க்கவும். மழைநீர் சேர்க்க வசதியில்லாத மாடிவீட்டுக்காரர், காய்ச்சிவடித்த நீரைக் குழாய்நீரோடு அவ்வாறே கலக்கலாம். தனியே காய்ச்சிவடித்த நீரை மட்டும் ஊற்றினால் கல்சியம், மகனீசியம் குறைவுபடும். உப்பு இட்டு இயங்கும் வீட்டு மென்நீர்க் கருவியின் நீர் வேண்டவே வேண்டாம். அதிற் சோடியம் மிகுதி.

மேலும் நுணுக்கமாகச் செய்ய விரும்புவோர் மின்கடத்துதிறன் மானி ஒன்றை வாங்கலாம். பசளை கலந்த நீர் பலனொப்சிசுக்கு 500, 600 மைக்ரோசீமென்சுக்கு மேற்படாதிருந்தால் நன்று. பபியோபெடிலம் போன்றவற்றுக்கு 300 அளவு.

8. ஊற்றும் முறை

(அ) காலையில் ஊற்றுங்கள். இரவுக்குள் இலையிடுக்கு உலர்ந்துவிடும். நடுக்குருத்தில் நீர் தங்கினால் அழுகும்.

(ஆ) வேர் நன்றாக உலர்ந்து வெள்ளியாக இருந்தால் முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பசளை நீரை ஊற்றுங்கள். 50 மில்லிகிராம் போன்ற மெல்லிய கரைசலாயின் இது கட்டாயமில்லை.

(இ) அலங்காரச் சாடியின் அடியில் தேங்கிய நீரைக் கால்மணித்தியாலத்தின் பின் கொட்டிவிடுங்கள்.

(ஈ) ஒரே வாளியிற் பல செடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்த்தாதீர்கள். ஒரு செடியின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும்.

(உ) மாதம் ஒரு தடவை பசளை இல்லாத நீரைச் சாடி வழியாகத் தாராளமாக ஓடவிடுங்கள். சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றும் இந்த வேலை பசளை இடுவதைப் போன்றே முக்கியமானது.

9. எப்போது கொடுக்கவே கூடாது?

புதுச் சாடிக்கு மாற்றி மூன்று நான்கு கிழமைகளுக்குள். வேர்கள் அழுகிய செடிக்கு. பூச்சி பிடித்து வாடியிருக்கும் செடிக்கு. கடும் வெயிலிற் காய்ந்து நிற்கும் செடிக்கு. நோயாளிக்கு விருந்து வைப்பதில்லை என்பது எமக்குத் தெரியாததல்ல.

எமது சங்க உறுப்பினர் ஒருவரின் தாயாருடைய செடி இதற்கு நல்ல உதாரணம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அவர் தனியே இருப்பவர். அதே மாடியில் வசித்த வயோதிப ஜேர்மன் பெண்மணியே அவருக்கு உற்ற துணை. இருவருக்கும் பொதுவாக இருபது சொற்கள் இருந்தால் அதிகம். அப்பெண்மணி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தமது வெள்ளை ஓர்க்கிட்டை அம்மாவின் கையிற் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்பதில் அம்மாவுக்கு அத்தனை அக்கறை. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு மூடி பசளை ஊற்றினார். இலைகள் சுருங்கின. தாகம், பசி என்று எண்ணி இன்னும் ஊற்றினார்.

இங்கே நடந்தது பாடசாலையில் நாம் படித்த பிரசாரணமே. வேருக்கு வெளியே உப்புச் செறிவு மிகுந்தால் நீர் உள்ளே செல்லாது; வேரிலிருந்து வெளியேறத் தொடங்கும். தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தால் வாடும். உப்பு மிகுதியால் வாடிய இலையும் நீரின்றி வாடிய இலையும் பார்வைக்கு ஒன்றே. வித்தியாசத்தை வேரிற்தான் காணலாம். சாடியின் விளிம்பில் வெள்ளை அல்லது மண்ணிறப் படிவு, கறுத்த வேர் நுனி, இலை நுனி கருகல் ஆகிய மூன்றும் மிகைப் பசளையின் அடையாளங்கள்.

பழைய பட்டைத்துண்டுகளை அகற்றி, வேர்களை இளஞ்சூட்டு நீரிற் கழுவி, மெத்தென்று அழுகியவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினோம். உறுதியான வேர்கள் மூன்றே எஞ்சின. பூந்தண்டையும் வெட்டி, சிறிய சாடியில் புதிய பட்டைத்துண்டுகளில் வைத்து, இரண்டு மாதம் பசளையே இல்லாமல் மழைநீர் மட்டும் கொடுக்கச் சொன்னோம். அம்மாவுக்கு இதுதான் மிகக் கடினமாயிருந்தது. ஒன்றும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதும் பராமரிப்புத்தான் என்று பேரப்பிள்ளை விளக்க வேண்டியிருந்தது. சித்திரையில் ஒரு புதிய வேர் நுனி வெளிவந்தது, ஆடியில் ஒரு சிறிய இலை. இன்னமும் பூக்கவில்லை. ஆனால் அந்த இலையின் படம் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

10. வீட்டு வைத்தியங்கள் பற்றி

அரிசி கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, வாழைப்பழத் தோல், கோப்பித் தூள் என்று பலவற்றைச் சொல்வார்கள். ஊரிலே முற்றத்து மண்ணுக்கு இவை நல்லவையே. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மண்புழுவும் அவற்றை உக்கச்செய்து உப்பாக மாற்றிவிடும். யன்னலோரச் சாடியின் பட்டைத்துண்டுகளில் அவ்வேலை ஒழுங்காக நடவாது. மாப்பொருள் புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், சிறு கறுப்பு ஈக்கள் வந்து குடியேறும். எவ்வளவு நைதரசன் போகிறது என்ற கணக்கும் தெரியாது. மாட்டெருவும் கோழியெருவும் ஓர்க்கிட் வேருக்கு மிகக் கடுமையானவை. இவற்றைப் பல்கணியில் வளரும் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் கொடுங்கள். அவை மகிழ்ந்து ஏற்கும்.

மற்றுமொரு குறிப்பு. பட்டைத்துண்டுகள் காலப்போக்கில் உக்கும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. காற்றோட்டமும் குறைகிறது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பூ முடிந்த பின், சாடி மாற்றுவது அவசியம். உக்கிய சாடியிற் பசளையைக் கூட்டுவதால் அக்குறை தீராது. அடியிலுள்ள பழைய இலை ஒன்று ஆண்டுக்கொருமுறை மஞ்சளாகி விழுவது இயல்பு. அதற்கு மருந்து தேட வேண்டாம்.

சுருக்கம்

வளரும்போது கொடு, ஓய்வில் விடு. சிறிதாகக் கொடு, அடிக்கடி கொடு. அளந்து கொடு. மாதம் ஒருமுறை கழுவு. நோயுற்ற செடிக்குக் கொடாதே. பூவுக்குக் குளிர்ச்சியைக் கொடு.

பயிற்சி (பிள்ளைகளுடன் சேர்ந்து செய்து பார்க்க)

1. போத்தலில் முதல் எண் 6. ஒரு லீற்றருக்கு 60 மில்லிகிராம் நைதரசன் வேண்டும். 2 லீற்றர் நீருக்கு எத்தனை மில்லிலீற்றர் பசளை?

2. தை மாதம். இலைகள் உறுதியாக உள்ளன, வேர் நுனிகள் வெள்ளையாக மூடியுள்ளன, பூந்தண்டு இல்லை. பசளை கொடுக்கலாமா?

3. இலைகள் சுருங்கியுள்ளன, சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு உள்ளது. முதலில் என்ன செய்வீர்கள்?

விடைகள்: (1) 2 மில்லிலீற்றர். (2) வேண்டாம், மாசியில் நுனி பளபளக்கும்வரை பொறுத்திருங்கள். (3) பசளையை நிறுத்தி, வெறும் நீரால் நன்கு கழுவி, வேரைச் சோதியுங்கள்.

செடிகளைப் பார்த்துப் பழக விரும்புவோருக்கு எமது நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்கா அண்மையிலேயே உண்டு. 1871 இல் திறக்கப்பட்ட பிராங்பேர்ட் பால்மென்கார்ட்டனின் வெப்பவலயக் கண்ணாடி மாளிகைகளில், பட்டையிலும் கிளையிலும் பற்றி வாழும் செடிகளை நேரிற் காணலாம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள். வேர்கள் வெறும் காற்றிற் தொங்குவதைக் கண்ணாற் கண்டவர், வீட்டுச் செடிக்கு ஒரு மூடி பசளையை அப்படியே ஊற்ற மனம் கொள்ளார்.